உப்பளத்தை எங்கே வெட்டுவீர்கள்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு, மரக்காணம் வந்துவிட்டது என்று சொல்லப் பெயர்ப்பலகை தேவையில்லை. சாலையோரம் குவித்து வைத்த வெள்ளை வெளேர் உப்பும், வெயிலில் கண்ணாடி பதித்ததுபோல மின்னும் பாத்திகளுமே சொல்லிவிடும். "அது என்னப்பா?" என்று பின் சீட்டிலிருந்து பிள்ளை கேட்டால், "உப்பளம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வண்டியை ஓட்டுவோம்.

அந்த ஒரு வார்த்தையை இப்போது மெதுவாக, கை தட்டிச் சொல்லிப் பாருங்கள். உப்... ப... ளம். மூன்று தட்டு. அடுத்து, பொருளைப் பார்த்துப் பிரியுங்கள். உப்பு, அளம். இரண்டு துண்டு. அளம் என்றாலே உப்பு விளையும் நிலம்தான். ஆனால், கை தட்டிப் பிரித்த மூன்று துண்டுகளில் 'உப்பு' முழுதாக இல்லை. 'அளம்' முழுதாக இல்லை. நாக்கு ஓரிடத்தில் வெட்டுகிறது. பொருள் வேறோரிடத்தில் வெட்டுகிறது.

'இதில் என்ன வந்துவிட்டது?' என்று தோன்றலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை நீளமான வார்த்தையில் தடுக்கி நிற்பது இந்த இடத்தில்தான். வெளிநாட்டில் குடியேறிய மகள், சரியான வார்த்தையைச் சொல்லியும் கடைக்காரருக்குப் புரியாமல் விழிப்பதும் இதனால்தான். ஓர் ஊரின் பெயர் சில தலைமுறைகளில் அடையாளம் தெரியாமல் தேய்ந்துபோவதும் இதே இணைப்பு மறந்துபோவதால்தான்.

இதைப் புரிந்துகொள்ள, இதே கரையில் 200 வருடங்களுக்கு மேல் கடை விரித்திருந்த ஒரு மொழியைத் துணைக்கு அழைக்கலாம். அது டச்சு.

பக்கத்து வீட்டு டச்சு

மரக்காணத்திலிருந்து வடக்கே இதே சாலையில் போனால், கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம். அங்கே டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை, பாதி இடிந்த நிலையில் கடலைப் பார்த்தபடி இன்னும் நிற்கிறது. உள்ளே அவர்களின் கல்லறைகள், நுணுக்கமாகச் செதுக்கிய எழுத்துகளோடு. இன்னும் வடக்கே பழவேற்காடு. அங்கே 1613-ல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். தெற்கே கடலூர் தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் என்று கரை நெடுக அவர்களின் கிடங்குகள் இருந்தன. துணி வாங்கினார்கள், கப்பலேற்றினார்கள். 1824-ல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தப்படி மறு வருடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

டச்சு மொழிக்கும் நம் மொழிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே வார்த்தைகளைச் சேர்த்துச் சேர்த்துப் புது வார்த்தை செய்யும் மொழிகள். உப்புக்கு டச்சில் 'ஸவுட்'. பாத்திக்குப் 'பன்'. சேர்த்தால் 'ஸவுட்பன்', நம் உப்பளம். தென்னாப்பிரிக்காவின் வட கோடியில் 'சவுட்பன்ஸ்பெர்க்' என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. டச்சிலிருந்து பிறந்த ஆஃப்ரிகான்ஸ் மொழியில் அதற்கு 'உப்பள மலை' என்று பொருள்.

ஆனால், இணைக்கும் விதத்தில்தான் இரண்டு மொழிகளும் எதிரெதிர் திசையில் போகின்றன.

சுவர் வைக்கும் மொழி, கதவு வைக்கும் மொழி

டச்சில் 'ஆவொன்ட்' என்றால் மாலை. 'ஏட்டன்' என்றால் உணவு. சேர்த்தால் இரவுச் சாப்பாடு. தமிழர் ஒருவர் இதைச் சேர்த்துச் சொன்னால் நாக்கு தானாக 'ஆவொன்டேட்டன்' என்று ஓட்டிவிடும். டச்சுக்காரர் அப்படிச் சொல்ல மாட்டார். 'ஆவொன்ட்' என்பதை முழுதாக முடித்து, பிறகுதான் 'ஏட்டன்' என்று ஆரம்பிப்பார். எழுதும்போது வரி முடிந்து வார்த்தையை உடைக்க வேண்டி வந்தாலும் அந்த இடத்தில்தான் உடைப்பார்கள். சாதாரண வார்த்தைகளில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வரும் தனி மெய், அடுத்த அசையோடுதான் போகும். தண்ணீருக்கான வார்த்தையை 'வா-டர்' என்று பிரிப்பார்கள். ஆனால், கூட்டுச்சொல்லின் இணைப்பு வந்துவிட்டால் அந்த விதி அங்கே செல்லாது. இரண்டு வீடுகளுக்கு நடுவில் சுவர் இருப்பதுபோல, இணைப்பு அப்படியே நிற்கும்.

சுவரை இடம் மாற்றினால் என்ன ஆகும்? டச்சுக் குழந்தைகள் சிரித்து விளையாடும் ஒரு வார்த்தை இருக்கிறது. 'ஃபல்' என்றால் விழுவது, 'கவுல்' என்றால் குழி. இரண்டும் சேர்ந்தால் ஆளை விழவைக்கும் பொறிக்குழி. அதையே 'ஃபல்க்', 'அவுல்' என்று பிரித்துவிட்டால்? முன்னது ராஜாளி, பின்னது ஆந்தை! எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. சுவர் ஓர் எழுத்துத் தள்ளிப் போனதும் குழியிலிருந்து பறவை பறந்துவிட்டது.

தமிழ் அந்த இடத்தில் சுவர் வைப்பதில்லை. கதவு வைக்கிறது. உப்பு என்பதன் கடைசி உகரம் சத்தமில்லாமல் விலகிக்கொள்ள, அளத்தின் அகரம் உள்ளே வந்து உட்காருகிறது. உப்பளம்! சில இடங்களில் நடுவில் ஒரு 'ய்' அல்லது 'வ்' வந்து கைகோத்து விடும். வேறு சில இடங்களில் வல்லின ஒற்று ஒன்று இரட்டித்து, 'இங்கே இரண்டு வார்த்தைகள் சேர்ந்திருக்கின்றன' என்று காதுக்குச் சொல்லும்.

அந்த ஒற்று எவ்வளவு வேலை செய்கிறது என்பதை உப்பளத்திலேயே பார்க்கலாம். 'உப்புத் தண்ணீர்' என்று 'த்' போட்டால், பாத்தியில் தேங்கி நிற்கும் கரிப்புத் தண்ணீர். 'உப்பு தண்ணீர்' என்று 'த்' இல்லாமல் சொன்னால், உப்பும் தண்ணீரும். இரண்டு தனிப் பொருள்கள். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி முழங்காலுக்குக் கீழே வெந்துபோக நிற்கிற உப்பளத் தொழிலாளிக்கு, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டாம். ஒன்றில் நிற்கிறார். இன்னொன்றைக் குடிக்க வீட்டிலிருந்து கேனில் தூக்கி வருகிறார். பள்ளிக்கூடத்தில் 'வல்லினம் மிகும், மிகா' என்று மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் நாம் மறந்துவிடுகிற விதி, இந்த வித்தியாசத்துக்காக ஏற்பட்டதுதான்.

மாமியாரை எங்கே அழுத்துவது?

டச்சுக்காரர்களிடம் நம்மிடம் இல்லாத இன்னொரு கருவி இருக்கிறது. அழுத்தம். வார்த்தையின் ஓர் அசையை மட்டும் ஓங்கிச் சொல்வது. பெரும்பாலான கூட்டுச்சொற்களில் முதல் வார்த்தைக்குத்தான் பெரிய அழுத்தம். இரண்டாவது வார்த்தை சற்றே அடங்கிப் பின்னால் வரும்.

டச்சில் அம்மாவுக்கு 'மூடர்' என்று பெயர். தமிழ் அம்மாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்! 'பெரிய' என்பதற்கான வார்த்தையை முன்னால் சேர்த்து, முதலில் அழுத்தினால் பாட்டி. 'அழகான, சுத்தமான' என்பதற்கான வார்த்தையைச் சேர்த்து, முதலில் அழுத்தினால் மாமியார். இரண்டையும் தனித்தனி வார்த்தைகளாக்கி அம்மாவையும் சமமாக அழுத்திவிட்டால் உறவு மாறிவிடும். பாட்டி போய் பருமனான ஓர் அம்மாவும், மாமியார் போய் சுத்தபத்தமான ஓர் அம்மாவும் வந்து நிற்பார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. 'பெரியம்மா வந்தாங்க' என்று ஒரே மூச்சில் சொன்னால் அம்மாவின் அக்கா. 'பெரிய... அம்மா' என்று நடுவில் மூச்சு விட்டால் உருவத்தைச் சொல்கிறோம். டச்சு அழுத்தத்தால் செய்வதைத் தமிழ் மூச்சால் செய்கிறது.

1980-களில் போருக்குத் தப்பி இலங்கையிலிருந்து நெதர்லாந்துக்குப் போன தமிழ்க் குடும்பங்களுக்கு இது விளையாட்டாக இருந்திருக்காது. தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறுவதில்லை. அதனால் நம் காது அதைக் கவனிக்கப் பழகவே இல்லை. டச்சிலோ 'ஃபோர்கோமன்' என்று ஒரு சொல். 'ஃபோர்' என்பதை அழுத்தினால் 'நிகழ்வது'. 'கோ' என்பதை அழுத்தினால் 'தடுப்பது'. ஒரு நோயைப் பற்றி மருத்துவரிடம் பேசும்போது, 'வருகிறது' என்பதற்கும் 'வராமல் தடுக்கிறது' என்பதற்கும் இடையில் ஓர் அசையின் அழுத்தம்தான் தூரம்! இலக்கணம், சொல்வளம் எல்லாம் சரியாக இருந்தும் 'என்ன சொன்னீர்கள்?' என்று எதிராளி திரும்பக் கேட்கும்போது, தவறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும். முதல் துண்டை ஓங்கிச் சொல்லி, சுவர் இருக்கும் இடத்தில் ஒரு நொடி நிறுத்தினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

விதிவிலக்குகளும் உண்டு. ஊர் மன்றத்துக்கு டச்சில் 'ஸ்டட்ஹவுஸ்'. ஊர், வீடு என்ற இரண்டு வார்த்தைகள் சேர்ந்தது. இதில் மட்டும் அழுத்தம் பின்னாலிருக்கும் வீட்டின் மேல். அதனால்தான் புது மொழி படிப்பவர்கள் வார்த்தையோடு சேர்த்து அதன் தாளத்தையும் படிக்க வேண்டியிருக்கிறது.

கரையில் விட்டுப்போன வீடு

டச்சுக்காரர்கள் கப்பலேறியபோது சில வார்த்தைகளை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். காசைத் 'துட்டு' என்கிறோமே, அது அவர்களின் 'டவுட்' என்ற செப்புக்காசு. இலங்கைத் தமிழில் அலுவலகத்துக்குக் 'கந்தோர்' என்று பெயர். அதுவும் டச்சுதான்.

இவற்றில் ஒரு கூட்டுச்சொல்லும் உண்டு. அதை நாம் வாயில் வைத்துக்கொண்டே, கூட்டுச்சொல் என்று தெரியாமல் இருக்கிறோம். மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்... கக்கூஸ்!

டச்சில் 'கக்' என்றால் மலம். 'ஹவுஸ்' என்றால் வீடு. 'கக்ஹவுஸ்' என்பது அந்த வீடு. முதல் துண்டில் அழுத்தம், நடுவில் சுவர், பிறகு வீடு. அது தமிழ்க் காதில் விழுந்தபோது என்ன ஆயிற்று? தமிழில் 'ஹ' ஒலி கிடையாது. அந்த ஒலி, முன்னால் நின்ற 'க்' என்பதோடு கலந்துபோனது. 'க்' இரட்டித்து இரண்டு அசைகளிலும் உட்கார்ந்துகொண்டது. கக்-கூஸ். சுவர் இடிந்தது, வீடு காணாமல் போனது. உள்ளே ஒரு வீடு இருந்தது என்பதே தெரியாமல் தலைமுறைகள் இதைச் சொல்லிவந்தன. இன்று அதைச் சொல்லக் கூசி 'டாய்லெட்' என்கிறோம், 'கழிப்பறை' என்கிறோம். கழிப்பு, அறை. டச்சுக்காரர் வீடு என்றார், நாம் அறை என்கிறோம். கட்டுமானம் அதேதான்!

வந்த வார்த்தைக்குத் தமிழ் தன் பாணியில் கதவு வைத்ததும் உண்டு. தேயிலைக்கான 'தே' என்ற ஒலி, சீனாவின் ஃபுஜியான் கரையிலிருந்து டச்சு வணிகர்களால் ஐரோப்பாவுக்குப் போனது. இலங்கைத் தமிழர்கள் அந்தத் 'தே'யோடு தண்ணீரைச் சேர்த்தார்கள். நடுவில் ஒரு 'த்' போட மறக்கவில்லை. தேத்தண்ணீர்! வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு நம் வீட்டு வல்லினம் மிகுந்திருக்கிறது.

நம் பெயர்களை அவர்கள் வெட்டிய விதம்

காது மாறினால் வெட்டும் இடம் மாறும் என்பது இரு பக்கமும் நடக்கும். சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரர் வாயில் 'சட்ராஸ்' ஆனது. பட்டினமே காணோம். பட்டினத்தை இழந்த ஊருக்கு அது பட்டினம் என்பதும் மறந்துபோகும்.

மரக்காணத்துக்கு இந்த அனுபவம் இன்னும் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடல் பயணக் கையேட்டில், இந்தக் கரையில் 'சோபட்மா' என்றொரு துறைமுகம் வருகிறது. சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மா நாட்டின் எயிற்பட்டினத்தைச் சொல்கிறது. ஆய்வாளர்கள் பலர் இரண்டையும் மரக்காணத்தோடு பொருத்துகிறார்கள். எயில் என்றால் மதில். 'சோ' என்றாலும் அரண், மதில் என்று பொருள் உண்டு. 'பட்மா' என்பதில் பட்டினம் ஒளிந்திருக்கிறது. கிரேக்கரின் காது எங்கே வெட்டியது என்று தெரிந்தால்தான் உள்ளே இருக்கும் தமிழ் கேட்கிறது.

இன்றைய பெயரிலும் இணைப்பு தெரிகிறது. 'மரக்' என்று ஒற்று மிகுந்து வருவதால் முன்னால் இருப்பது மரம் என்று காது உடனே சொல்லும். காணம் என்பதற்கோ கொள்ளு, பொற்காசு, செக்கு என்று அகராதியில் பல பொருள்கள். 'ண'வை 'ன'வாக்கினால் கானம், அதாவது காடு. இதை மணலோடு சேர்த்து 'மணற்கானம்' என்று விளக்குகிறவர்களும் உண்டு. ஆங்கில எழுத்தில் எழுதும்போது 'ண', 'ன' வித்தியாசமும் போய், குறில் நெடிலும் போய்விடுகிறது. 2020 ஜூன் மாதம் தமிழக அரசு 1,018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத அரசாணை வெளியிட்டது. அதைச் சுற்றி எழுந்த விவாதத்தில், அதே மாதம் அது திரும்பப் பெறப்பட்டது. ஒலியை வேறு எழுத்தில் அடைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தப்பாக வெட்டியதிலிருந்து புது வார்த்தை பிறந்த கதையும் இந்தக் கரையில் இருக்கிறது. மரங்களைக் கயிற்றால் கட்டிச் செய்வது கட்டுமரம். கட்டு, மரம். ஆங்கிலம் இதைக் 'கேட்டமரான்' ஆக்கி, அழுத்தத்தைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தது. இரட்டை உடல் கொண்ட படகுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. 20-ஆம் நூற்றாண்டில் மூன்று உடல் கொண்ட படகு வந்ததும், முன்பாதியை வெட்டி எறிந்துவிட்டு மூன்று என்பதற்கான 'ட்ரை'யை ஒட்டி 'ட்ரைமரான்' என்றார்கள். உலகக் கோடீஸ்வரர்களின் பந்தயப் படகின் பெயரில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த 'மரான்', நம் மீனவரின் மரம்!

பத்துத் தொடி பொன்னா, ஒன்பது தொடி செம்பா?

நம் முன்னோர் இதையெல்லாம் கவனிக்காமல் விட்டார்களா? தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில், எழுத்தில் ஒரே மாதிரி இருந்தும் பொருள் வேறாகும் புணர்ச்சிகளைப் பற்றிப் பேசுகிறது. அவற்றைப் பிரித்துக் காட்டுவது சொல்லும் இசைதான் என்கிறது. உரையாசிரியர்கள் கொடுக்கும் உதாரணம் 'செம்பொன்பதின்தொடி'. செம்பொன், பதின் தொடி என்று பிரித்தால் பத்துத் தொடி எடையுள்ள சிவந்த பொன். செம்பு, ஒன்பதின் தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. கடனாகக் கொடுத்தவர் ஒரு மாதிரியும் வாங்கியவர் இன்னொரு மாதிரியும் வாசித்தால், குடும்பமே தெருவுக்கு வந்துவிடும்!

இன்னொரு உதாரணம் 'குன்றேறாமா'. குன்று ஏறா மா என்றால் மலை ஏறாத விலங்கு. குன்று ஏறு ஆமா என்றால் மலை ஏறுகிற காட்டுப்பசு. நேர் எதிர்ப் பொருள்.

டச்சில் சுவரும் அழுத்தமும் செய்கிற வேலையைத் தமிழில் செய்வது இந்த 'இசை'. எங்கே நிறுத்துகிறோம், எங்கே ஓட்டுகிறோம் என்பது. ஏட்டில் அதற்கு எழுத்து இல்லை. வாயிலிருந்து காதுக்கு, காதிலிருந்து வாய்க்கு என்றுதான் அது வந்து சேர வேண்டும். வீட்டில் யாரும் சத்தமாக வாசிக்காவிட்டால், பிள்ளைக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

வீட்டில் செய்து பார்க்கலாம்

பிள்ளை நீளமான வார்த்தையில் திணறினால், எழுத்து எழுத்தாகக் கூட்டச் சொல்வதற்கு முன், 'இதுக்குள்ள எத்தனை வார்த்தை ஒளிஞ்சிருக்கு?' என்று கேளுங்கள். கடற்கரைச்சாலை, மாட்டுவண்டி, தேங்காயெண்ணெய் என்று அன்றாட வார்த்தைகளே போதும். முதலில் பொருளுக்காகப் பிரிக்கட்டும். பிறகு கை தட்டி அசைக்காகப் பிரிக்கட்டும். இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழவில்லை என்பதை அவர்களே கண்டுபிடிக்கும்போது கண்ணில் தெரியும் வெளிச்சமே தனி. கடைசியாக ஒரே மூச்சில் முழுதாகச் சொல்லவையுங்கள். திக்கல் குறைந்திருக்கும்.

உப்பு வாரும் பலகையையும் இந்த விளையாட்டில் சேர்க்கலாம். பலகை என்றால் பலகை. பிரித்தால் பல கை. நம் சோற்றுக்கு உப்பு வந்து சேர்வதற்குள் அந்தப் பலகைக்குப் பின்னால் எத்தனை கைகள் என்று, மரக்காணத்தைக் கடக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால், செய்யுளுக்கு அசை பிரிக்கும் முறையையும் ஊர்ப் பெயரிலேயே பழக்கலாம். அதில் இரண்டு குறில் சேர்ந்து வந்தால் ஒரே அசை. எயிற்பட்டினத்தை எயிற்-பட்-டினம் என்று பிரித்தால் நிரை, நேர், நிரை, வாய்பாடு புளிமாங்கனி. மரக்காணத்தை மரக்-கா-ணம் என்று பிரித்தால் நிரை, நேர், நேர், வாய்பாடு புளிமாங்காய். சங்க காலத்தில் கனியாக இருந்த ஊர், இன்று காயாகியிருக்கிறது. சுற்றிலும் இவ்வளவு உப்பை வைத்துக்கொண்டிருக்கும் ஊருக்கு மாங்காய்தானே பொருத்தம்!